ஏற்கனவே யாராவது செய்துவிட்டார்களா? காப்புரிமைத் தேடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காப்புரிமை ஆவணங்களையும் தொழில்நுட்பக் கட்டுரைகளையும் தேடிக் கொடுப்பது என் வேலை. பட்டறைக்காரர், இறுதியாண்டு மாணவர், பேராசிரியர் என்று யார் வந்தாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் தென்னை மரம் ஏறும் கருவியையே எடுத்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த பொருள். ஆனால் தேடப் போனால் எங்கெங்கோ கூட்டிப்போகும்.

1. பேட்டன்ட் தேடல்னா என்ன சார்? நான் இன்னும் பேட்டன்டே போடலையே?

போடுவதற்கு முன்னால் செய்வதுதான் தேடல். இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் உலகில் எந்த நாட்டிலும் எந்த ஆவணத்திலும் உங்கள் கண்டுபிடிப்பு வெளிவந்திருக்கக் கூடாது, எங்கும் பயன்பாட்டில் இருந்திருக்கவும் கூடாது. அப்போதுதான் அது புதியது. முன்பே இருக்கும் இவற்றையெல்லாம் சேர்த்து பிரையர் ஆர்ட் என்பார்கள். காப்புரிமை ஆவணம், ஆராய்ச்சிக் கட்டுரை, விற்பனைக் கையேடு, கண்காட்சி, வீடியோ எல்லாம் இதில் சேர்த்தி.

2. அங்கே ஆபீஸ்லயே தேடிப் பார்ப்பாங்களே, நான் எதுக்கு மெனக்கெடணும்?

காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் தேடுவார், உண்மைதான். ஆனால் அவர் அறிக்கை வரும்போது உங்கள் விவரக்குறிப்பு (கருவியை விளக்கி எழுதிக் கொடுக்கும் ஆவணம்) உள்ளே போய் வெகுநாள் ஆகியிருக்கும். முழு விவரக்குறிப்பைக் கொடுத்த பிறகு புதிய விஷயம் எதையும் அதில் சேர்க்க முடியாது. "அந்த ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று இன்னும் இரண்டு பத்தி எழுதியிருக்கலாமே" என்று அப்போது வருந்திப் பயனில்லை. எதிரில் என்ன இருக்கிறது என்று முதலிலேயே தெரிந்தால், எதை விரித்து எழுத வேண்டும் என்பதும் தெரியும்.

பணமும் ஒரு காரணம். தனிநபர் இணையம் வழியாக விண்ணப்பிக்க 1,600 ரூபாய், பரிசோதனை கோர 4,000 ரூபாய். இது அரசுக் கட்டணம் மட்டும்தான். விவரக்குறிப்பு எழுதித் தரும் ஏஜென்ட்டுக்கு ஆகும் செலவு தனி. அதையெல்லாம் கொட்டிய பிறகு தேடுவது தலைகீழ் வேலை.

3. கூகுள்ல தேடிட்டேன், ஒண்ணுமே வரலை. அப்போ புதுசுதானே?

"ஒன்றுமே வரவில்லை" என்று யாராவது சொன்னால் நான் சந்தேகப்படுவது தேடியதைத்தான். எதுவும் இல்லாத துறை அபூர்வம். நெருக்கமாக நாலைந்து ஆவணங்களாவது தட்டுப்படவில்லை என்றால் தேடிய சொல் தவறு, அல்லது தேடிய இடம் தவறு. சாதாரண கூகுள் தேடல் கடைகளையும் செய்திகளையும் முன்னால் கொண்டுவரும். காப்புரிமை ஆவணங்கள் பின்னால் போய்விடும்.

4. சரி, எங்கே தேடணும்? காசு கட்டணுமா?

தொடங்குவதற்கு ஒரு பைசா வேண்டாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட்டில் 15 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கூகுள் பேட்டன்ட்ஸ் புழங்க எளிது, 2006 முதல் இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப்பில் பன்னாட்டு விண்ணப்பங்களைப் பார்க்கலாம். லென்ஸ் என்ற தளத்தில் காப்புரிமையும் ஆய்வுக் கட்டுரையும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும்.

இந்திய ஆவணங்களுக்கு நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்துக்குத்தான் போக வேண்டும். தலைப்பு, சுருக்கம், விண்ணப்பதாரர் பெயர், வகைப்பாட்டு எண் என்று பல வழிகளில் தேடலாம். நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: விண்ணப்ப எண்ணை வைத்து உள்ளே போனால் பரிசோதகர் அனுப்பிய அறிக்கையையும் அதற்கு விண்ணப்பதாரர் கொடுத்த பதிலையும் படிக்கலாம். ஒரு பரிசோதகர் எப்படி யோசிக்கிறார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கட்டணத் தளங்களும் உண்டு. வேதியியல் மூலக்கூறுகளைக் கட்டமைப்பு வரைந்து தேட வேண்டுமானால் அவை தேவைப்படும். இரும்புச் சட்டமும் கம்பி வடமும் கொண்ட கருவிக்கு இலவசத் தளங்களிலேயே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

5. என்ன வார்த்தை போட்டுத் தேடறது? 'கோகனட் ட்ரீ கிளைம்பர்'னு போட்டா பத்து இருபதுதான் வருது.

பொருளின் பெயரை விடுங்கள், அது செய்யும் வேலையைப் பாருங்கள். உங்கள் கருவிக்குத் தேங்காயைப் பற்றி ஒன்றும் தெரியாது. செங்குத்தான உருண்டைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனிதனின் எடையைத் தாங்கி, படிப்படியாக மேலே போவதுதான் அதன் வேலை. அதே வேலையை மின்கம்பத்தில் ஏறும் லைன்மேனின் கருவியும் செய்கிறது. விவரக்குறிப்பு எழுதுபவர்கள் வேண்டுமென்றே பொதுச் சொற்களைப் போடுவார்கள். தென்னை 'உருளை வடிவ உறுப்பு' ஆகிவிடும். கயிறு 'நெகிழும் பிடிப்பு வளையம்' ஆகிவிடும்.

ஒரு தாளை மேலிருந்து கீழாக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: எதன் மேல் ஏறுகிறது, எதனால் பிடிக்கிறது, எப்படி நகர்கிறது. ஒவ்வொன்றின் கீழும் தோன்றும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் எழுதுங்கள். முதல் பத்தியில் ட்ரீ, பாம், போல், போஸ்ட், காலம் (தூண்). இரண்டாவதில் ரோப், கேபிள், ஸ்ட்ராப், லூப், கிளாம்ப். ஒரே பத்தியில் உள்ளவற்றை 'ஆர்' (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டும், பத்திகளை 'அண்ட்' (எல்லாம் இருக்க வேண்டும்) போட்டும் இணையுங்கள். சொல்லின் முடிவு மாறி வரக்கூடியது என்றால் நட்சத்திரக் குறி போட்டால் எல்லா வடிவமும் வரும்.

6. எல்லா ஆவணத்துலயும் ஏ63பி மாதிரி ஒரு எண் இருக்கே, அது எதுக்கு?

அதுதான் சாவி. உலகெங்கும் வரும் காப்புரிமை ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து வைக்கும் வகைப்பாடு அது. பன்னாட்டு வகைப்பாட்டை ஐபிசி என்பார்கள், இந்தியாவும் அதைத்தான் பயன்படுத்துகிறது. அதையே இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது சிபிசி. ஐரோப்பிய, அமெரிக்க அலுவலகங்கள் சேர்ந்து 2013 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, அதில் சுமார் இரண்டரை லட்சம் பிரிவுகள். ஆவணம் சீன மொழியில் இருந்தாலும் தலைப்பு மொட்டையாக இருந்தாலும் எண் ஒன்றுதான்.

தென்னை ஏறும் கருவி எங்கே இருக்கும்? எல்லோரும் வேளாண்மை என்பார்கள். ஏ01டி 46-இல் பழம் பறிக்கும் கருவிகள் இருக்கின்றன, அங்கே கொஞ்சம் கிடைக்கும். ஆனால் கம்பம், மரம் ஏறும் சாதனங்களுக்கென்றே உள்ள பிரிவு ஏ63பி 27. உருண்டையான கம்பம், மரம், கயிறு ஆகியவற்றில் ஏறுபவை அதற்குள் 27/02. ஏ63 என்றால் விளையாட்டும் பொழுதுபோக்கும்! தேங்காய் பறிப்பவரின் பிழைப்புக்கான கருவி விளையாட்டுச் சாமான்களோடு உட்கார்ந்திருக்கிறது. வேளாண்மைக்குள் மட்டும் தேடியவர் இதைத் தவறவிட்டிருப்பார்.

இன்னொரு இடம் ஏ01எம் 31/02. வேட்டைக்காரர்கள் மரத்தின் மேல் உட்கார்ந்து காத்திருக்கும் மேடைகள். அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் 'கிளைம்பிங் ட்ரீ ஸ்டாண்ட்' ஒன்றை வைத்திருப்பார்கள். மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம். மேல் சட்டத்தில் உட்கார்ந்து கீழ் சட்டத்தைக் காலால் தூக்க வேண்டும், பிறகு கீழ் சட்டத்தில் நின்று மேல் சட்டத்தை உயர்த்த வேண்டும். எடை விழும்போது சட்டம் சாய்ந்து மரத்தைக் கவ்விக்கொள்ளும். நம் ஊரில் உட்கார்ந்து ஏறும் வகைத் தென்னைக் கருவியைப் பார்த்தவர்களுக்கு இது புரிந்திருக்கும். அந்த வேட்டைக்காரர் தென்னையையே பார்த்திருக்க மாட்டார், ஆனாலும் அவர் ஆவணம் உங்களுக்கு எதிராக நிற்கும். பாதுகாப்பு பெல்ட்டுக்கு ஏ62பி 35, தானே ஏறும் ரோபோ என்றால் பி62டி 57/024 இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

7. அந்த எண்ணை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இரண்டரை லட்சத்தைப் படிக்க முடியுமா?

படிக்க வேண்டாம். கேள்வி 5-இல் சொன்னபடி சொற்களை வைத்துத் தேடி, உங்கள் கருவிக்கு மிக நெருக்கமான நாலைந்து ஆவணங்களை எடுங்கள். அவற்றின் முதல் பக்கத்தில் எண்கள் இருக்கும். எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை வைத்து மறுபடி தேடுங்கள். அப்புறம் அந்த ஆவணங்கள் மேற்கோள் காட்டும் பழைய ஆவணங்களையும், அவற்றை மேற்கோள் காட்டும் புதிய ஆவணங்களையும் பாருங்கள். நல்ல ஆவணம் ஒன்று கையில் கிடைத்தால் போதும், மற்றவற்றின் வீட்டு விலாசத்தை அதுவே சொல்லும்.

8. ஆவணத்தைத் திறந்தா தலை சுத்துது. எதைப் படிக்கணும்?

முதலில் படம். பிறகு சுருக்கம். அது நெருக்கமாகத் தெரிந்தால் மட்டும் கடைசியில் இருக்கும் கிளெய்ம்களுக்குப் போங்கள். உரிமை எதற்கு என்பதை வரையறுப்பவை அவைதான், அதிலும் முதல் கிளெய்ம் முக்கியம். ஆனால் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் யோசனை புதியதா என்று பார்க்கும்போது கிளெய்ம் மட்டுமல்ல, ஆவணத்தின் எந்த மூலையில் இருந்தாலும் அது பிரையர் ஆர்ட்தான். படத்தில் ஒரு ஸ்பிரிங் தெளிவாகத் தெரிந்தாலே போதும்.

எண்ணின் வாலையும் கவனியுங்கள். பொதுவாக 'ஏ' என்று முடிந்தால் விண்ணப்பம் வெளியானது என்றுதான் பொருள், உரிமை கிடைத்தது என்றல்ல. 'பி' என்றால் வழங்கப்பட்டது. "எங்கள் மாணவருக்குப் பேட்டன்ட் கிடைத்தது" என்று கல்லூரி வாசலில் வைக்கும் பேனர்களில் பாதி இந்த 'ஏ' வகைதான்.

9. என் கருவி மாதிரியே ஒண்ணு கிடைச்சிடுச்சு. அவ்வளவுதானா?

'மாதிரி' என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. உங்கள் கருவியைக் கூறுகளாகப் பிரியுங்கள். இரண்டு கால்களுக்கும் தனித்தனிச் சட்டம், தண்டைச் சுற்றும் கம்பி வடம், மிதி, தண்டு மெலிய மெலியத் தானாக இறுகும் அமைப்பு, கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ளும் பூட்டு. இந்த ஐந்தையும் இடப்பக்கம் எழுதி, கிடைத்த ஆவணங்களை மேலே எழுதி, இருந்தால் டிக் போடுங்கள். ஐந்துக்கும் ஒரே ஆவணத்தில் டிக் விழுந்தால் புதுமை போயிற்று.

முதல் மூன்றுக்கும் நிச்சயம் விழும். கேரளத்தில் பிறந்த செம்பேரி மாடல் ஏறுகருவியை நம் விவசாயிகள் பலரும் பார்த்திருப்பார்கள். காலைத் தூக்கினால் வடம் தளரும், மிதித்தால் இறுகும். ஆனால் தென்னை அடியில் பருத்தும் மேலே மெலிந்தும் இருக்குமே, பாதி வழியில் வளையத்தை யார் சரிசெய்வது? டிக் விழாத கட்டம் அங்கே இருந்தால் உங்கள் கிளெய்ம் அங்கேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், நெருக்கமான ஆவணம் கிடைப்பது நல்ல செய்தி. எதை விட்டுவிட்டு எதைக் கோர வேண்டும் என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

10. ஒவ்வொரு பாகமும் வேற வேற ஆவணத்துல இருக்கு, ஒரே இடத்துல இல்லை. தப்பிச்சேன்தானே?

புதுமையில் தப்பித்தீர்கள். அடுத்து இன்னொரு வாசல் இருக்கிறது: துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதா? மின்கம்ப ஏறுகருவியில் தானாக இறுகும் ஸ்பிரிங் ஏற்கனவே இருந்தால், அதைத் தென்னைக் கருவியில் மாட்டுவதில் என்ன கண்டுபிடிப்பு என்று பரிசோதகர் கேட்பார். தெரிந்த பொருள்கள் தனித்தனியே தத்தம் வேலையைச் செய்யும்படி சும்மா சேர்த்து வைப்பதையும் நம் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. சேர்த்ததால் தனித்தனியே கிடைக்காத பலன் ஏதாவது வந்ததா என்பதுதான் கேள்வி.

ஐரோப்பிய, பன்னாட்டுத் தேடல் அறிக்கைகளில் ஆவணங்களுக்குப் பக்கத்தில் எழுத்துகள் இருக்கும். எக்ஸ் என்றால் அந்த ஒரு ஆவணமே தடை. ஒய் என்றால் இன்னொன்றோடு சேர்த்தால் தடை. ஏ என்றால் பின்னணி மட்டும்.

11. பேட்டன்ட் மட்டும் பார்த்தா போதாதா? கட்டுரை எல்லாம் எதுக்கு?

போதாது. தென்னைக் கருவியைப் பற்றி வேளாண் பொறியியல் துறைகளில் எழுதப்பட்ட ஆய்வேடுகளுக்குப் பெரும்பாலும் காப்புரிமை எண் இருக்காது, நூலகத்தில்தான் இருக்கும். இந்தியப் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா, வேளாண் பல்கலைக்கழகங்களுக்குக் கிருஷிகோஷ், பொதுவாக கூகுள் ஸ்காலர். கொச்சியில் உள்ள தென்னை வளர்ச்சி வாரியத்தின் இதழ்களையும், காசர்கோடு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளையும் விடாதீர்கள். வாரியம் 2011 முதல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பெயரில் ஏறுகருவிப் பயிற்சி நடத்தியது. அப்படிப் பொதுவெளியில் பயன்பட்டதும் கணக்கில் வரும்.

12. தாத்தா காலத்துலருந்து நாம செய்யறதை வெளிநாட்டுக்காரன் பேட்டன்ட் போட்டுட்டா?

மஞ்சளில் அதுதான் நடந்தது. புண்ணை ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கினார்கள். இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்தது. "எங்கள் பாட்டி போடுவார்" என்று சொல்லி ஜெயிக்கவில்லை, 32 எழுத்துச் சான்றுகளைக் கொண்டுபோய் வைத்தது. சம்ஸ்கிருத நூல்கள் முதல் இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953-இல் வந்த கட்டுரை வரை அதில் இருந்தன. 1997-இல் கிளெய்ம்கள் நிராகரிக்கப்பட்டன.

அடுத்து 2001-இல் மரபறிவு மின்நூலகம் தொடங்கியது. ஆயுர்வேதம், யுனானி நூல்களோடு நம் சித்த மருத்துவ நூல்களின் மருந்துமுறைகளும் அதில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பரிசோதகர் படிக்கும்படி ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்குள் என்றால் சட்டத்தின் 3(p) பிரிவே மரபறிவுக்குக் காப்புரிமை தருவதைத் தடுக்கிறது. விண்ணப்பத்தை எதிர்ப்பவர் சமூகத்தில் வாய்மொழியாக வழங்கும் அறிவையும் காரணமாகக் காட்டலாம்.

13. யூடியூப் வீடியோ எல்லாம் கணக்குல வருமா?

வரும். பொதுமக்கள் பார்க்க முடிந்தது, தேதி நிரூபிக்க முடிகிறது, செயல்படும் விதம் தெரிகிறது என்றால் போதும். ஆகவே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு முறை தேடுங்கள். இது ஒன்றில் மட்டும் 'தென்னை மரம் ஏறும் கருவி' என்று பெயரைப் போட்டே தேடலாம். மாறிப்போன இணையப் பக்கங்களின் பழைய வடிவத்துக்கு வேபேக் மெஷின் உதவும்.

14. நானே போன வருஷம் காலேஜ் எக்ஸ்போல வெச்சிருந்தேன் அண்ணா. அது என்னோடதுதானே, பிரச்சினை இல்லையே?

பிரச்சினைதான் தம்பி. நீங்களே வெளியிட்டாலும் வெளியிட்டதுதான். இந்தியச் சட்டம் தரும் 12 மாதச் சலுகை அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில சூழல்களுக்குத்தான். கல்லூரி விழா தானாக அதில் வந்துவிடாது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் அநேகமாகக் கிடையாது. எதைக் காட்டினீர்கள், உள்ளமைப்பு தெரியும்படி காட்டினீர்களா என்று எழுதி எடுத்துக்கொண்டு ஒரு ஏஜென்ட்டைப் பாருங்கள்.

15. சீன மொழி ஆவணம்தான் நிறைய வருது. தள்ளிவிட்டுடலாமா?

கூடாது. உலகிலேயே அதிக விண்ணப்பங்கள் வருவது அங்கேதான். எஸ்பாஸ்நெட்டிலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கிறது. கொச்சையாகத்தான் இருக்கும், ஆனால் படத்தோடு சேர்த்துப் படித்தால் விஷயம் பிடிபடும்.

16. எப்போ நிறுத்தறது? இதுக்கு ஒரு முடிவே இல்லையா?

வேறு சொல், வேறு எண், வேறு தளம் என்று மாற்றிப் பார்த்தும் பார்த்த ஆவணங்களே திரும்ப வந்தால் நிறுத்தலாம். நூறு சதவீதம் என்று யாரும் உறுதி தர முடியாது. விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். நேற்று ஒருவர் போட்டது இன்றைய தேடலில் வராது, ஆனால் உங்களுக்கு முந்தியதாக நிற்கும். எனவே விண்ணப்பித்த பிறகும் நம் காப்புரிமை அலுவலக இதழைப் பாருங்கள், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறது.

17. பேட்டன்ட் எல்லாம் வேண்டாம் சார். நான் செஞ்சு விக்கலாமா, கேஸ் வருமா, அதை மட்டும் சொல்லுங்க.

அது வேறு தேடல். இதுவரை சொன்னதில் உலகமும் எல்லாக் காலமும் கணக்கு. இதில் நீங்கள் தயாரித்து விற்கும் நாட்டில் இன்று உயிரோடிருக்கும் காப்புரிமைகளும், உரிமையாகக்கூடிய நிலுவை விண்ணப்பங்களும் மட்டும். இங்கே கிளெய்ம்தான் முக்கியம், மற்ற பக்கங்கள் அல்ல. காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அமெரிக்காவில் மட்டும் வாங்கியிருந்தால் அது இங்கே செல்லாது, ஆனால் நீங்கள் அங்கே ஏற்றுமதி செய்தால் பிடிக்கும்.

புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல் காலாவதியானது என்று இன்பாஸில் தெரிந்தாலும் உடனே அச்சு வார்க்காதீர்கள். செயலிழந்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் அதை மீட்க விண்ணப்பிக்கலாம். வேறொன்று: உங்களுக்கே காப்புரிமை கிடைத்தாலும் அது விற்பதற்கான லைசென்ஸ் அல்ல. அடிப்படைக் கருவி இன்னொருவர் பெயரில் உயிரோடிருந்தால் அவர் அனுமதி வேண்டும்.

18. தேடும்போதே ஐடியா திருடு போயிடாதா? ஏஐ-கிட்ட கேட்கலாமா?

தளத்தில் சொற்களைப் போட்டுத் தேடுவது வெளியிடுவது ஆகாது. பொதுக் குழுவில் படத்தோடு போட்டு "இது ஏற்கனவே இருக்கா நண்பர்களே" என்று கேட்பதுதான் ஆகும். அதைச் செய்யாதீர்கள்.

ஏஐ சாட்பாட்டிடம் கேள்வி 5-இன் சொற்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், அதில் அது கெட்டி. ஆனால் ஆவண எண் கேட்டால் இல்லாத எண்ணைக்கூடத் தயங்காமல் சொல்லும். எஸ்பாஸ்நெட்டில் போட்டுத் திறந்து பார்க்காத எண்ணை அறிக்கையில் எழுதாதீர்கள். முழு விவரக்குறிப்பை அங்கே ஒட்டும் முன் அந்தச் சேவையின் விதிமுறையையும் படியுங்கள்.

19. பயங்கரமா ஒத்துப்போற ஆவணம் ஒண்ணு கிடைச்சிருக்கு. சொல்லாம விட்டா என்ன ஆகும்?

அமெரிக்காவில் விண்ணப்பித்தால் உங்களுக்குத் தெரிந்த முக்கிய ஆவணங்களை அலுவலகத்துக்குத் தெரிவிப்பது கடமை. மறைத்தது நிரூபணமானால் காப்புரிமையே செயல்படுத்த முடியாமல் போகலாம். இந்தியாவிலும் மறைப்பதால் லாபம் இல்லை. விண்ணப்பம் வெளியான பின், காப்புரிமை வழங்குவதற்கு முன்பு யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். வழங்கிய பிறகும், அது வெளியான நாளிலிருந்து ஓராண்டு வரை, அக்கறையுள்ளவர் எதிர்க்கலாம். நீங்கள் கண்டுபிடித்ததைப் போட்டியாளரும் கண்டுபிடிப்பார். கேள்வி 9-இன் அட்டவணையைப் போட்டு, அந்த ஆவணத்தைச் சுற்றிக்கொண்டு கிளெய்ம் எழுதப் பாருங்கள்.

20. ஆள் வெச்சுத் தேடினா அறிக்கைல என்ன இருக்கணும்?

கிடைத்த ஆவணப் பட்டியல் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களையும் எண்களையும் எப்படி இணைத்துத் தேடினார்கள் என்ற வரிகள் அப்படியே வேண்டும். ஒவ்வொரு ஆவணத்திலும் உங்கள் கூறு எந்தப் பத்தியில், எந்தப் படத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் வேண்டும். தேடாமல் விட்ட இடங்களையும் எழுதச் சொல்லுங்கள். வேலையைக் கொடுக்கும் முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையில் காசு இல்லாதவர்கள் சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தை அணுகிப் பார்க்கலாம். போகும்போது கேள்வி 5-இன் தாளையும் கேள்வி 9-இன் அட்டவணையையும் எடுத்துப் போங்கள்.